மீதிப் பெட்ரோல்

இந்த மாதிரிக் குறிப்புகளை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தலை நரைத்து, சால்வை போர்த்தி, குழுப்படம் எடுத்து வழியனுப்பப்பட்டவர்களாக இருப்பார்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. இந்த மாதக் கடைசியோடு வேலையை விடுகிறேன். கணவருக்கு விசாகப்பட்டினத்தில் வேலை. மகளுக்கு இரண்டு வயது நெருங்குகிறது. அப்பா ஊரிலிருந்து வந்தால் முதல் அரை நாள் என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று முடிவு செய்தேன். செய்த முடிவு சரிதானா என்று இன்றுவரை யோசித்துக்கொண்டும் இருக்கிறேன்.

என் மேசைக்கு வரப்போகிற உங்கள் இருவருக்கும் எதையாவது எழுதி வைத்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். டியூனிங் செய்வது எப்படி என்று எழுத வேண்டியதில்லை. அது கையேட்டில் இருக்கிறது. என்னிடம் இருந்ததைவிட நல்ல கம்ப்யூட்டரும் உங்களுக்குத் தரப்போகிறார்கள். கையேட்டில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு முறை எழுந்து போய்விட்டுத்தான் திரும்ப உட்கார்ந்தேன்.

நான் சேர்ந்தபோது நம் பிரிவில் சோதனைக்கு இருந்தது ஒரே ஒரு வெள்ளைக் கார். அதில் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, பெட்ரோலை இன்ஜெக்டர் வழியாகப் பீய்ச்ச ஏற்பாடு செய்திருந்தார்கள். எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்பதை இன்ஜினோடு இணைந்த ஒரு சின்னக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கும். அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எண்களைச் சரிசெய்வது என் வேலை. காரை ஓட்டுவது திம்மராயன் அண்ணனின் வேலை.

அவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் காட்டை ஒட்டிய ஊர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் அவர் வாயில் ஒரே வாக்கியத்துக்குள் வந்து போகும். காலையில் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஓட்டிப்போய்த் திரும்புவார். மதியத்துக்கு மேல் ஊருக்குள்ளும், கர்நாடக எல்லைச் சாவடியில் வரிசை கட்டி நிற்கும் லாரிகளுக்கு நடுவிலும் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டுவார். சில நாள் நான் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து போவேன். மற்ற நாட்களில் அவர் மட்டும் போவார், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பதிந்துகொள்ளும்.

பிரிவில் பெண் நான் ஒருத்திதான். கேன்டீனில் நான் உட்கார்ந்த மேசையில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். மரியாதையாம். நான் என் ஊரான மாயவரத்துப் பக்கத்துத் தமிழைப் பேசினால், பெட்ரோலும் உதிரிபாகமும் கொடுக்கும் ஸ்டோர்ஸில் சிரிப்பார்கள். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசுகிற மனிதர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால், அது திம்மராயன் அண்ணன்தான்.

போன வருடம் வாங்கிய பெட்ரோலில் எங்கேயோ கலப்படம். இன்ஜெக்டர்கள் அடைத்துக்கொண்டன. கழற்றி மேசைமேல் வைத்தபோது அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எங்கூருக்கு வர்ற ஆனகூட ராகிய ஒருவாட்டி மோந்து பாத்துட்டுத்தான் திங்கும் மேடம். உங்க இன்ஜின் என்ன குடுத்தாலும் குடிச்சிட்டு நிக்குது.”

பழைய வகை இன்ஜெக்டர் கிடைக்கவில்லை. வேறு ஒரு வகை வந்தது. அதே இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் திறக்கும் ஒவ்வொரு முறையும் பழையதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பெட்ரோல் விட்டது. வண்டி கறுப்பாகப் புகைந்தது.

இதைச் சரிசெய்ய இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று, இன்ஜெக்டரை எவ்வளவு நேரம் திறந்து வைக்க வேண்டும் என்கிற அட்டவணை. அது எங்கள் கையில் இருந்தது. இன்னொன்று, இந்த இன்ஜெக்டர் நிமிடத்துக்கு எவ்வளவு பெட்ரோல் விடும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைக்கும் எண். அதை வெளிநாட்டில் கம்ப்யூட்டரைச் செய்தவர்கள் ‘சிப்’ என்கிற சில்லுக்குள் பதித்துப் பூட்டியிருந்தார்கள். மாற்ற வேண்டுமானால் அவர்கள் புதுச் சில்லு அனுப்ப வேண்டும்.

மேலாளரிடம் போய் நின்றேன். சென்னையிலிருந்து வந்தவர், கெட்டவர் அல்ல. பேசும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார்.

“சில்லு வர எத்தனை நாள் ஆகும்?”

“ஒரு மாசத்துக்கு மேலயே ஆகும் சார்.”

“அதுவரைக்கும் வண்டிய நிறுத்தி மாலை போடறதா? அட்டவணைய மட்டும் குறைச்சு விடும்மா. புகை சரியா வந்தாப் போதும்.”

அட்டவணை முழுவதையும் ஒரே விகிதத்தில் குறைத்தேன். திறக்கும் நேரம் குறைந்தது, புகை நின்றது, வண்டி பூப்போல ஓடியது. இப்படித்தான் எல்லோரும் செய்வார்கள். நீங்களும் ஒருநாள் செய்வீர்கள். அதில் பிசகு ஒன்றும் இல்லை.

சில வாரங்கள் கழித்து மேலாளர் கூப்பிட்டார். ஸ்டோர்ஸ் கொடுத்த பெட்ரோல் ஒரு கணக்கு. இன்ஜின் குடித்த பெட்ரோல் என்று கம்ப்யூட்டர் காட்டுவது ஒரு கணக்கு. இரண்டுக்கும் நடுவில், பத்து லிட்டர் போட்டால் ஒரு லிட்டருக்கு மேல் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

“உன் கம்ப்யூட்டர்ல சென்சார் ஏதும் தகராறா?”

“இல்ல சார். நேத்துகூடப் பாத்தேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

“நிச்சயமா?”

“நிச்சயமா சார்.”

திரும்பிப் போய் இன்னொரு முறை பார்த்தேன். சென்சார்கள் சரியாகவே இருந்தன. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்டோம் என்ற நிம்மதியோடு வேலையைத் தொடர்ந்தேன். அந்தப் பதில் எங்கே போய் விழும் என்று யோசிக்கவில்லை.

மறுநாளே, பெட்ரோலை டிரைவர்தான் எடுக்கிறார் என்ற பேச்சு பணிமனை முழுக்கப் பரவிவிட்டது. திம்மராயன் அண்ணன் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஃபிட்டர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னா திம்மராயா, தேன்கனிக்கோட்டைல பெட்ரோல் பங்க் தொறக்கறியாமே? தொறப்பு விழாவுக்கு எங்களயும் கூப்புடுப்பா!”

“எனக்கு ரெண்டு லிட்டரு வுடுண்ணா, பொண்டாட்டி ஊருக்குப் போகணும்.”

“வுடறேன் வா,” என்றார் அவர். “மொதல்ல உன் வண்டிக்கு ரெண்டு சக்கரமும் இருக்குதான்னு பாத்துகினு வா.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு ஏற்கெனவே துடைத்து முடித்த கண்ணாடியை மறுபடி முதலிலிருந்து துடைக்க ஆரம்பித்தார்.

மதியம் அவரை அலுவலகத்துக்குள் அழைத்துப் பேசினார்கள். பெட்ரோலை எடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேலையை விட்டு நிறுத்துவதோடு முடிந்துவிடும். மறுத்தால் போலீசுக்குப் புகார் போகும். மறுநாள் சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். வெளியே வந்தவர் நேராக என் மேசைக்கு வந்தார்.

“மேடம், அந்தக் கம்ப்யூட்டரு தப்பா சொல்லாதா?”

“அது கணக்குதாண்ணே போடும். அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது.”

அவர் தலையாட்டினார். “அப்ப நான்தான் பொய் சொல்றேன்,” என்றுவிட்டுப் போனார்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிடத்தில் அவர் எடுத்திருப்பார் என்றுதான் நானும் நினைத்தேன். எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தேன். எண்ணைச் சந்தேகிக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. மனிதரைச் சந்தேகிப்பது சுலபமாக இருந்தது.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் இறங்கி வீட்டுக்குப் போனால் குழந்தைக்கு நெருப்பாய்க் காய்ச்சல். பகலில் அவளைப் பார்த்துக்கொள்வது அடுத்த வீட்டு ரத்னம்மா. தெலுங்கு வீடு. குழந்தைக்கு என்னைவிட அவரிடம்தான் ஒட்டுதல் அதிகம். டாக்டரிடம் காட்டி மருந்து வாங்கி வைத்திருந்தார். வீட்டில் இருந்த சொட்டுக்குழாய் உடைந்துபோனதால் கடையில் வேறு ஒன்று கொடுத்திருந்தார்கள். வாய் கொஞ்சம் அகலம். அதில் வரும் சொட்டு பெரிதாகத் தெரிந்தது. எதற்கும் பயந்துகொள்கிற எனக்கு அது போதாதா? கரண்டியில் விட்டு, மருந்து மூடியில் இருந்த கோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, டாக்டர் சொன்னதைவிடச் சொட்டுகளைக் குறைத்துக் கொடுத்தேன்.

ரத்னம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “ஏம்மா, டாக்டரு சொன்னது ஒண்ணு, நீ போடறது ஒண்ணா? பாப்பாக்கு மருந்து பத்தாது கதா!”

“சொட்டு பெருசுக்கா. எண்ணிக்கை கொறைஞ்சாலும் உள்ள போறது அதே மருந்துதான்.”

“எண்ணிப் பாத்தா கொறச்சல்தானே காட்டுது?”

“எண்ணினா அப்படித்தான் காட்டும்.”

சொல்லிவிட்டு, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

நான் காரில் செய்ததும் இதுதான். வாய் அகலமான இன்ஜெக்டரைப் போட்டோம். திறக்கும் நேரத்தைக் குறைத்தோம். உள்ளே போன பெட்ரோல் எப்போதும்போல அதே அளவு. ஆனால் சில்லுக்குள் பூட்டியிருந்தது பழைய இன்ஜெக்டரின் எண். கம்ப்யூட்டர் புதுச் சொட்டுகளை எண்ணி, பழைய சொட்டின் அளவால் பெருக்கி, இன்ஜின் குறைவாகத்தான் குடித்தது என்று ஒவ்வொரு நாளும் எழுதிக்கொண்டிருந்தது. குறைந்தது பெட்ரோல் அல்ல, எண்ணிக்கைதான். அந்த வித்தியாசத்தைத்தான் நாங்கள் ஒரு மனிதரின் மேல் ஏற்றி வைத்திருந்தோமோ?

‘வைத்திருந்தோமோ’ என்று கேள்வியாகத்தான் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். தெரியும் என்று சொல்ல முடியவில்லை. புது இன்ஜெக்டர் எவ்வளவு அதிகம் விடுகிறது என்பதை நான் தனியாக அளந்ததே இல்லை. புகை சரியாகும்வரை குறைத்தேன், நிறுத்தினேன். குழந்தையை ரத்னம்மாவிடம் விட்டுவிட்டுத் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்க் கணவருக்குப் போன் செய்தேன். காய்ச்சலைப் பற்றிச் சொன்னேன். பிறகு இதைச் சொன்னேன்.

“உறுதியாத் தெரியாம வாயைத் திறக்காத,” என்றார் அவர். “உன் வேலையைப் பாரு. குழந்தையைப் பாரு. பெரியவங்க பாத்துப்பாங்க.” மீட்டரில் ஓடிக்கொண்டிருந்த சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டு சரி என்றேன். அவர் என் நன்மைக்குத்தான் சொன்னார். ஆனால் போனை வைத்தபோது, இந்தச் சந்தேகத்தைச் சுமந்துகொண்டிருப்பது ஓசூரில் நான் ஒருத்திதான் என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

காலையில் காய்ச்சல் கொஞ்சம் தணிந்திருந்தது. ஆனாலும் குழந்தை ரத்னம்மாவின் இடுப்பிலிருந்து கையை நீட்டி அழுதாள். அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். நான் போய் நின்றபோது மேலாளர் போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

“சார், என் கணக்கு தப்பா இருக்கலாம்.”

“இருக்கலாமா? இருக்கா?”

“தெரியல சார். இருக்கலாம்.”

“நிச்சயம்னு சொன்னியே!”

“சென்சார் நிச்சயம்னு சொன்னேன் சார். இது வேற.” சொட்டுக்குழாயை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் விளக்கினேன். கடிகாரத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

“ஏம்மா, நீ சொன்னதை நம்பித்தான் நான் மேல பேசிட்டேன். இப்ப ஒரு சந்தேகத்தைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிற. அவனே ஒத்துக்கிட்டான், தெரியுமா உனக்கு? சாயங்காலம் கையெழுத்துப் போடறேன்னு சொல்லிட்டான்.”

அது என்னை உலுக்கிவிட்டது. எடுக்காதவர் எதற்காக ஒத்துக்கொள்ள வேண்டும்? இரவு வீட்டில் போட்டு வைத்த ஊகம் அந்த இடத்திலேயே பாதி சரிந்தது. ‘மன்னிச்சுக்குங்க சார்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். கால்கூடத் திரும்பியது.

“ஒரே ஒரு ஓட்டம் குடுங்க சார். பெட்ரோலை எடை போட்டு எடுத்துட்டுப் போறேன். வந்ததும் மறுபடி எடை போடுவோம்.”

“நாலு மணிக்குள்ள இங்க இருக்கணும். பொருந்தலைன்னா, அவன் கையெழுத்துக்குக் கீழ சாட்சிக் கையெழுத்து நீதான் போடணும். சரியா?”

சரி என்றேன்.

திம்மராயன் அண்ணன் வர மறுத்தார். “வேணாம் மேடம். வுடுங்க. ஆகறது ஆய்ப்போச்சி.” கெஞ்சித்தான் கூட்டிப்போனேன். காரின் டேங்க்கைத் துண்டித்துவிட்டு, டிக்கியில் ஒரு கேனை வைத்து அதிலிருந்து பெட்ரோல் போக வழி செய்தோம். கேனை ஸ்டோர்ஸ் தராசில் நிறுத்தி, மூடியில் கம்பி சுற்றி ஈயமுத்திரை வைத்தார்கள். முத்திரை வைத்த ஸ்டோர்கீப்பர், “பத்திரம்மா, வழில ஆவியாய்டப் போகுது,” என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

சூளகிரியைத் தாண்டினோம். வெயிலில் பாறைகள் பளபளத்தன. கிரானைட் லாரிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டிக்கொண்டு போனோம். லேப்டாப்பில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு ரத்னம்மாவின் இடுப்பிலிருந்து நீண்ட கைதான் கண்ணில் நின்றது. கடைசியில் நான்தான் கேட்டேன்.

“எதுக்குண்ணே ஒத்துக்கிட்டீங்க?”

“போலீசுன்னாங்க.”

“எடுக்காதவங்களுக்குப் போலீசு என்ன செஞ்சிடும்?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சின்னப்பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. “எங்கூர்ல ஜீப்பு வந்து நின்னா, எதுக்கு வந்துதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க மேடம். வந்துதுன்றதே போதும். எம் பொண்ணுக்கு எடம் பாத்துகினு இருக்கறோம். எடுத்தேன்னா ஒருவாட்டி சொன்னா முடிஞ்சிது. எடுக்கலன்னா ஒவ்வொருத்தன் கிட்டயும் சொல்லிகினே இருக்கணும். எத்தினி பேருக்குச் சொல்றது?”

நான் லேப்டாப்பைப் பார்த்தேன்.

கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டிகளுக்கு முன்னால் வண்டியைத் திருப்பினோம். நேரம் இல்லாததால் டீக்குக்கூட நிற்கவில்லை. ஊருக்குள் ஊர்ந்து ஓட்டும் மதிய ஓட்டத்துக்கும் நேரம் இல்லை. நெடுஞ்சாலை ஓட்டம் மட்டும்தான் அன்றைக்கு. நேராகத் தொழிற்சாலைக்குத் திரும்பி, கேனை இறக்கி, முத்திரை சரியாக இருப்பதைக் காட்டி, தராசில் வைத்தோம்.

கம்ப்யூட்டர் சொன்னதைவிட இன்ஜின் அதிகமாகக் குடித்திருந்தது. என் ஊகம் சரி. அந்த வித்தியாசத்தை, இத்தனை வாரமாகக் காணாமல் போன அளவோடு ஒப்பிட்டேன். பெரும்பகுதிக்குக் கணக்குக் கிடைத்துவிட்டது. முழுமைக்கும் கிடைக்கவில்லை. கொஞ்சம் மிச்சம் இருந்தது. சின்ன மிச்சம்தான், ஆனால் இருந்தது.

மறுபடி போட்டேன். மறுபடியும் அதே மிச்சம்.

மேலாளர் அறையில் அவர் மேசைக்குப் பின்னால், நான் முன்னால், திம்மராயன் அண்ணன் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். பெட்ரோலை எடுத்தேன் என்று எழுதி வைத்த தாள் மேசைமேல் இருந்தது. மேலாளர் கணக்கைத் தாமே ஒருமுறை போட்டுப் பார்த்தார்.

“சரிம்மா. எண் தப்புதான். ஒத்துக்கறேன். மீதி?”

என்னிடம் ஒரு பதில் இருந்தது. வண்டி ஓடாமல் நின்று இன்ஜின் மட்டும் உறுமும்போது இன்ஜெக்டர் ரொம்பச் சின்னச் சின்ன நேரத்துக்குத்தான் திறக்கும். புது இன்ஜெக்டர் பழையதைவிடச் சீக்கிரம் திறக்கிற வகையாக இருந்தால், அந்த நேரத்தில் கணக்குத் தவறு இன்னும் கூடும். தினமும் எல்லைச் சாவடி வரிசையில் வண்டி நின்று நின்றுதானே போகிறது. மீதி அங்கே போயிருக்கலாம். ஆனால் அன்று நாங்கள் அதை அளக்கவில்லை. அளக்காததை அளந்ததுபோலச் சொல்ல எனக்கு வரவில்லை.

“மீதி எனக்குத் தெரியல சார்,” என்றேன். “எனக்குத் தெரியாததை அவர் தலையில வைக்க முடியாது.”

மேலாளர் அந்த ஒரு தடவை மட்டும் கடிகாரத்தைப் பார்க்காமல் யோசித்தார். பிறகு தாளை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். “போப்பா, போய் வண்டிய எடு. புதுச் சில்லு வரட்டும்.”

வெளியே வந்ததும் திம்மராயன் அண்ணன் கைகூப்பினார். “தேங்க்ஸ் மேடம்.” வேலை தப்பித்தது, ஜீப்பு ஊருக்குள் வராது. ஆனால் அவர் முகத்தில் நிம்மதி இல்லை. நான் சொன்னதில் இரண்டாவது பாதியை மேலாளர் கேட்டார். ‘மீதி தெரியல’ என்ற முதல் பாதியைத்தான் திம்மராயன் அண்ணன் கேட்டிருக்கிறார் என்று வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸில் புரிந்தது.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு பாடம் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். என்னால் முடிந்தது இவ்வளவுதான்: உங்கள் எண்ணின் கீழே ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தால், உறுதியாகும்வரை காத்திருக்காதீர்கள். சந்தேகம் வந்த அன்றே, சந்தேகம் என்றே சொல்லிவிடுங்கள். அதை நான் செய்தேன், அது சரி என்று இன்றும் நினைக்கிறேன். ‘மீதி தெரியல’ என்று திம்மராயன் அண்ணன் எதிரிலேயே சொன்னது சரியா? நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? பாத்திரம் தேய்க்கும்போது, குழந்தையைத் தூங்கவைக்கும்போது, எத்தனையோ முறை அந்த அறைக்குள் திரும்பிப் போய் வேறு வேறு மாதிரிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

புதுச் சில்லு வந்தது. புது இன்ஜெக்டர் எவ்வளவு விடும், எவ்வளவு சீக்கிரம் திறக்கும் என்ற எண்கள் எல்லாம் அதில் சரியாக இருந்தன. அட்டவணையைப் பழையபடி உயர்த்தினேன். சுங்க விதிப்படி பழைய சில்லை அவர்களுக்கே திருப்பி அனுப்பிவிட்டோம். அன்றிலிருந்து ஸ்டோர்ஸ் கணக்கும் கம்ப்யூட்டர் கணக்கும் பொருந்தின. மீதியே இல்லை.

பொருந்தியதற்கு இரண்டு காரணங்கள் இருக்க முடியும். என் ஊகம் சரியாக இருந்திருக்கலாம். அல்லது எப்போதோ கொஞ்சம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர், பயந்து நிறுத்தியிருக்கலாம். முதலாவதுதான் நடந்திருக்கும் என்று என் படிப்பு சொல்கிறது. இரண்டாவது இல்லவே இல்லை என்று காட்ட, சாவடி வரிசையில் மறுபடி ஓட்டி அளக்கப் பழைய சில்லு வேண்டும். அது போய்விட்டது.

ஒரு நாள் மதியம் சாவடி வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு தக்காளி லாரி.

“இப்ப கணக்கு சரியா வருதா மேடம்?”

“சரியா வருதுண்ணே.”

“மிச்சமே இல்லியா?”

“இல்லண்ணே.”

“அப்ப?”

அவ்வளவுதான் கேட்டார். எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். ‘நீங்க எடுக்கலண்ணே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் மூச்சை இழுத்துக்கொண்டு, வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது இன்ஜெக்டர் எப்படித் திறக்கிறது என்பதிலிருந்து விளக்க ஆரம்பித்தேன். பழைய வகை மெதுவாகத் திறக்கும், புது வகை சீக்கிரம் திறக்கும், அதனால் தவறு கூடும் என்று முடிவுவரை சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார், தலையாட்டினார்.

“சரிங்க மேடம்,” என்றார். “சாரல் அடிக்குது. கண்ணாடிய ஏத்திக்கங்க.”

அதற்குப் பிறகும் நாங்கள் சேர்ந்துதான் போனோம். ராகி, ஆனை, ஊர் என்று எந்தப் பேச்சும் இல்லை. மகளின் கல்யாணத்துக்கு எல்லோருக்கும் போல எனக்கும் பத்திரிகை வைத்தார். போனேன். இலை போட்டுப் பரிமாறினார்கள். என்னோடு பேசிக்கொண்டிருக்க அவருக்கு நேரம் இல்லை.

ஒன்று மட்டும் புதிதாக வந்தது. இப்போதும் அது இருக்கிறது, நீங்கள் சேர்ந்த முதல் வாரமே பார்ப்பீர்கள். டேங்க்கில் பெட்ரோல் போடும் முன் அவர் கேனைக் கீழே வைத்துவிட்டு நம்மைக் கூப்பிடுவார். “மேடம், வந்து பாருங்க,” என்பார். உங்களை “சார்” என்பார். மூடியைத் திறந்து, கேனைச் சாய்த்து, காலியான கேனைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவார். பார்த்துவிட்டோம் என்று நாம் சொல்லும்வரை கேனை நிமிர்த்த மாட்டார். வெயிலோ மழையோ, யாரும் வராவிட்டால் பெட்ரோல் போடாமல் அப்படியே நிற்பார்.

நான் ஒவ்வொரு முறையும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். கூப்பிடுகிறாரே, போகாவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று போனேன். போவதைத்தான் தப்பாக எடுத்துக்கொள்கிறாரோ என்று திரும்பி வரும்போது தோன்றும். அடுத்த நாள் மறுபடியும் போய் நிற்பேன்.

திங்கட்கிழமை நீங்கள் அவரோடு வண்டியில் ஏறுவீர்கள். அவர் கேனை வைத்துவிட்டுக் கூப்பிடுவார். கொஞ்ச நேரம் நிற்பார், திரும்பவும் கூப்பிடுவார். சங்கடமாகத்தான் இருக்கும். நீங்கள் இறங்காதீர்கள்.